தோற்கருவியும் தோல்தொழிலும்: பாலாற்றங்கரையிலிருந்து ஒரு வாசிப்பு

இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் எனப் பகுப்பது தமிழ் மரபு. தொல்காப்பியம் பறையைத் திணைகளுக்குரிய கருப்பொருள்களுள் ஒன்றாக வைக்கிறது. அடியார்க்கு நல்லாரின் சிலப்பதிகார உரை தோற்கருவிகளை நீளப் பட்டியலிடுகிறது. பறை குறித்து இன்று வெளிவரும் கட்டுரைகளும் மேடையுரைகளும் பெரும்பாலும் இத்தகைய சான்றுகளிலிருந்தே தொடங்குகின்றன. தொன்மையை நிறுவிவிட்டால் கருவியின் மாண்பு மீண்டுவிடும் என்பது அவற்றின் நம்பிக்கை. அக்கருவியின் முகத்தில் போர்த்திய தோல் யார் கையால் உரிக்கப்பட்டு, ஊறவைக்கப்பட்டு, மயிர் நீக்கப்பட்டு வந்தது என்ற வினா அங்கு அரிதாகவே எழுகிறது.

பறைக்குக் கிடைத்துள்ள ஏற்பைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. மணிமாறனின் புத்தர் கலைக்குழு அதனைச் சாவு வீட்டிலிருந்து விடுவித்து அரசியல் மேடைக்குக் கொணர்ந்தது. 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ சபாக்களின் பருவத்திலேயே மாற்று அரங்கை அமைத்தது. 2025இல் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒரு தலைமுறைக் காலத்தில் நிகழ்ந்த மாற்றம் இது. ஆயினும் இவ்வரலாற்றுக்குள் ஒரு முரண் உண்டு. வட மாவட்டங்களில் அம்பேத்கரிய உணர்வு பெற்ற தலித் மக்கள் பறையை மீட்கவில்லை. சாதி சுமத்திய ஊழியமாகக் கண்டு அதனைக் கைவிட்டார்கள். பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் பறையை மையமாக வைத்து எழுதிய ‘வல்லிசை’ நாவலை இந்த மறுப்பின் பின்னணியில் வாசிப்பதே பொருத்தம். பறை அடிக்க மறுத்தவரின் விடுதலையும், அதனைக் கலையாக உயர்த்துபவரின் விடுதலையும் ஒன்றல்ல. இன்றைய விழாக்கள் இரண்டாவதை மட்டுமே கொண்டாடுகின்றன.

கருவியைச் செய்பவரிடமிருந்து தொடங்கிய முயற்சியாக டி. எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ (2020) நூலைச் சுட்டலாம். மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும், வாருக்கு எருமைத்தோலும் வேண்டும். அத்தோலைத் தேர்ந்து பதப்படுத்தும் குடும்பங்களின் நுண்ணறிவை அந்நூல் இசை வரலாற்றின் பகுதியாக்கியது. வெளியீட்டு விழாவுக்குத் தந்த இசைவைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றதால் விழா ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. தோலைப் பெயர் சொல்லி அழைத்தால் கலைநிறுவனம் எவ்வளவு கலங்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. எனினும் அந்நூலின் எல்லை தெளிவானது: அது பேசுவது கைவினைஞனை. ஆலையில் நாட்கூலிக்கு நிற்பவர் அதன் பொருளல்லர்.

ஆலைத் தொழிலாளரை முதன்மைப்படுத்திய தமிழ் நாவல் டி. செல்வராஜின் ‘தோல்’. 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. திண்டுக்கல்லில் வழக்கறிஞராகத் தொழில் செய்த அவர் அந்நகரின் தோல் ஆலைகளையும், பொதுவுடைமை இயக்கத்தின் வழி அங்கு உருவான தொழிற்சங்கத்தையும் விரிவாக எழுதினார். நாவலின் சில பகுதிகள் சங்க அறிக்கையின் தொனியில் இறங்கிவிடுவது உண்மை. ஆனால் சுண்ணாம்புக் குழியில் இறங்கும் உடலை அது மறக்கவில்லை. தோல் அரித்த கை, கால்களைக் குறியீடாக மாற்றாமல் கை, கால்களாகவே காட்டியது. தலித் இலக்கியத் திறனாய்வு இந்நாவலை வர்க்க எழுத்து என ஒதுக்கியதும், இடதுசாரித் திறனாய்வு அதன் சாதியுள்ளீட்டை அடக்கி வாசித்ததும் இரு தரப்புக்கும் இழப்பே.

பாலாற்றங்கரையின் நிலை வேறு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என நீளும் இப்பகுதியைப் பற்றிய மிக விரிவான எழுத்தைத் தேடுபவர் நாவலுக்கு முன் ஒரு தீர்ப்பையே எடுக்க வேண்டியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு அது. ஆவாரம் பட்டையைக் கொண்டு பதனிட்ட பழைய முறை குரோமியத்துக்கு மாறியதன் விளைவுகள் அதில் எண்களாக நிற்கின்றன: ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர், முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற்போன சுமார் 35,000 ஹெக்டேர் நிலம். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வலுப்பெற்றது இத்தீர்ப்பால். உலகெங்கும் சட்ட மாணவர்கள் வேலூரின் பெயரை இதன்வழியே அறிகிறார்கள். தமிழ் வாசகருக்கோ ஆம்பூர் என்றால் பிரியாணி. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, தொடர் கண்காணிப்பைத் தன் கையில் வைத்துக்கொண்டது. வழக்குக்கு மட்டும் முப்பதாண்டு கடந்துவிட்டது.

நீதிமன்ற மொழியில் நிலமும் நீரும் இழப்பீட்டுக்குரிய அலகுகள். கிணறு உப்பான வீட்டில் விருந்தினருக்குத் தண்ணீர் கொடுக்கும் கணம் அதில் இடம்பெற வழியில்லை. அக்கணம் இலக்கியத்தின் பொறுப்பு. வடாற்காட்டு மக்களைப் பெருந்திரைக்குக் கொணர்ந்த பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) அவர்களைக் கோலார் பொன்வயலுக்கு அழைத்துச் செல்கிறது. நிலவுரிமை குறித்த அதன் கேள்வி வலிமையானது. ஆனால் பொன்னுக்குக் கிடைத்த தொன்மத்தின் ஒளி தோலுக்குக் கிடைப்பது கடினம். தோல் நாறும். அதன் நாற்றத்தைக் குறியீடாக்கித் தூய்மைப்படுத்துவதே கலைக்கு எளிய வழியாக இருந்துவருகிறது.

இத்தொழிலின் இன்றைய முகம் மேலும் சிக்கலானது. ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் மேற்பாகம் தைப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். முதலாளியின் வீட்டில் உருது, ஆலையில் தமிழ், கழிவு சேரும் இடத்தில் வங்காளி. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வட்டார இலக்கியம் என்ற வகைமையை மண்ணின் மைந்தர்களின் மொழியென வரையறுத்துப் பாடம் நடத்தும் துறைகள், அந்தப் பத்துப் பேரும் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள் என்பதற்கு விடை சொல்ல வேண்டும்.