ஒலிக்குறிப்பும் சமூகமும்: யாவா மொழி பற்றிய ஒரு நோக்கு

ஒலிக்குறிப்புச் சொற்கள் மொழியின் குழந்தைப் பருவ எச்சங்கள் என்னும் எண்ணம் மொழியாய்வாளர் பலரிடம் நெடுங்காலம் நிலவியது. சொல் இடுகுறியே என்னும் சொசூரின் கோட்பாடு 1916 இல் நூலுருப்பெற்ற பின்னர், அவை மொழியியலின் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டன. இவ்விரு நோக்குகளும் யாவா மொழிக்குப் போதியனவல்ல என்பதே நமது கருத்தாகும்.

யாவா மொழியில் இச்சொற்கள் சிதறிக் கிடப்பனவல்ல. இலக்கண ஒழுங்குக்கு உட்பட்டவை. நீரில் ஒரு பொருள் விழுந்த கணத்தை ‘மக் பிளுங்’ என்பர். ‘மக்’ என்பது நிகழ்ச்சியின் சடுதியைக் காட்டும். பாத்திரங்கள் பலவும் தாறுமாறாய் விழுந்தொலித்தால் ‘பதிங் குரொம்பியாங்’ என்பர். ‘பதிங்’ பன்மையையும் ஒழுங்கின்மையையும் ஒருங்கே உணர்த்தும். சிறு நீரோட்டத்தின் ஒலி ‘கிரிச்சிக்’, அருவியோ ‘குரொஜொகன்’. இங்கு இகரம் சிறுமையைச் சுட்டுவதாகத் தோன்றும். ஆயின் ‘அடொஹ்’ தூரத்தையும், ஈற்றசையின் உயிரை உயர்த்திக் கூறும் ‘அடுஹ்’ மிகு தூரத்தையும் குறிக்கும். அவ்வாறே ‘அபொத்’ பாரம், ‘அபுத்’ பெரும்பாரம். உயர்ந்த உயிர் ஓரிடத்துச் சிறுமையையும் பிறிதோரிடத்து மிகுதியையும் குறிக்குமாயின், ஒலிக்கு இயற்கையில் அமைந்த ஒரே பொருள் உண்டெனல் பொருந்தாது. ஒலியின் ஆற்றலை ஆள்வது மொழிச் சமூகத்தின் வழக்கேயாகும்.

அச்சமூகமோ படிநிலைப்பட்டது. ஒத்தாரோடும் தாழ்ந்தாரோடும் பேசுவது ‘ங்கொகோ’. மேலோரிடம் பேசுவது ‘குரொமோ’. குரொமோவுக்கெனத் தனிவடிவம் பெற்றவை சொற்றொகுதியின் ஒரு பகுதியே. ஒலிக்குறிப்புச் சொற்கள் பெரும்பாலும் அப்பகுதியுள் அடங்கா. குரலைத் தாழ்த்தி, நிதானமாய்ப் பேசுதலே குரொமோவின் நன்னடத்தை. ஓசைமிக்க சொற்களின் இயல்பான களம் தோழமைப் பேச்சும் வேலைத்தலமுமேயாம்.

உழைப்புக்கும் தாளத்துக்குமுள்ள உறவை 1896 இல் காள் பியூக்கரும், கவிதையின் தோற்றம் பற்றி 1945 இல் ஜோர்ஜ் தொம்சனும் எடுத்துரைத்தனர். யாவாக் கிராமப் பெண்கள் ‘லெசுங்’ என்னும் நீண்ட மரவுரலில் கூடி நெற் குற்றுகையில், உலக்கைகள் மாறிமாறி எழுப்பிய தாளம் தனிக்கலையாய் வளர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் நெற்குற்றும் சிறு இயந்திரங்கள் பரவின. கூலிக்கு நெற் குற்றிய ஏழைப் பெண்கள் பெருந்தொகையாக அவ்வருவாயை இழந்தனர். இன்று அத்தாளம் விழா மேடைகளில் மரபுக்கலையாகப் பேணப்படுகின்றது. அதனைப் போற்றுவோர் அக்கூலியிழப்பை மறத்தல் தகாது.

எனினும் அனைத்தையும் உழைப்பிலிருந்து நேராக வருவிப்பது இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமாகும். ‘கொங்’, ‘கெதுக்’ முதலிய கமலான் இசைக்கருவிப் பெயர்களும் ஒலிவழிப் பிறந்தவையே. அவ்விசையைச் செம்மைப்படுத்திப் போற்றியதில் சூரகர்த்தா, யோக்யகர்த்தா அரண்மனைகளுக்குப் பெரும் பங்குண்டு. ஆயின் வெண்கலத்தை உலையிலிட்டு, அடித்து உருவாக்கியோர் கன்னாரே. ஒரே சொல்லில் இரு வர்க்கங்களின் வரலாறும் படிந்திருத்தலை நாம் காண்கின்றோம்.

ஆகவே, ஒலிக்குறிப்புச் சொல்லை ஆராய்வோர் அது எதனைப் போன்று ஒலிக்கின்றது என வினவுதல் மட்டும் போதாது. அதனை ஒலிப்பவர் யார், எவ்வேலையிடை, எவர் முன்னிலையில் என்பனவும் வினவப்படல் வேண்டும். அவ்வினாக்கள் இன்றேல், ஒலிகளின் பட்டியலே நம்மிடம் எஞ்சும். அவற்றை ஒலித்த மக்கள் எஞ்சார்.