பூச்சா, வளர்ச்சியா?

டைட்டானிய உலோகக் கலவைகளைப் பற்றிய கட்டுரைகளில் 'பீங்கான் பூச்சு' என்ற தொடரை நீங்கள் படித்திருக்கலாம். இத்தொடர் எனக்கு உடன்பாடன்று. சொல் பிசகினால் இயற்பியலும் பிசகுகிறது. தமிழ்வழியில் படித்துத் துவாக்குடித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் உலோகவியல் சேரும் மாணவர் இம்மயக்கத்தையும் சுமந்தே செல்வார்.

பித்தளைப் பாத்திரம் புழங்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஈயம் பூசுவது வேறு, களிம்பு ஏறுவது வேறு. ஈயம் வெளியிலிருந்து வந்து ஒட்டுவது. களிம்போ பாத்திரத்தின் உலோகமே மாறி உண்டாவது. திருவரங்கம் இராஜகோபுரத்துச் சுதை உருவங்களின் வண்ணம் முதல் வகை. டைட்டானியத்தின் ஆக்சைடு இரண்டாம் வகை. (பிளாஸ்மாத் தெளிப்பு முறையில் அலுமினாவைப் படியச் செய்தால் அது பூச்சுதான், மறுக்கவில்லை.)

மின்பகு கரைசலில் டைட்டானியத்தை நேர்மின்வாயாக்கிச் சில நூறு வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், மேற்பரப்பெங்கும் நுண்பொறிகள் தோன்றும். உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்து அனட்டேஸ், ரூட்டைல் என்னும் படிகங்களாக இறுகும். காற்றில் தானே உண்டாகும் படலம் சில நானோமீட்டர்தான். இதுவோ பல மைக்ரான் வளரும். செலவான உலோகத்தைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்கு பருமன் ஆக்சைடுக்கு உண்டு. ஆகவே படலத்தின் ஒரு பகுதி பழைய மேற்பரப்புக்கு உள்ளேயும் எஞ்சியது வெளியேயும் அமைகிறது. அது உலோகத்தை இறுகப் பற்றி நிற்பது இப்படி உள்ளிருந்து வளர்வதால்தான். 'பூச்சு' என்று எழுதியவர் இதை எங்ஙனம் விளக்குவார்?

அடுத்த குறை, கடினத்தன்மைக்கு ஓர் எண்ணை மட்டும் தந்துவிட்டு நகர்வது. என்ன எடையில் அளந்தார்கள்? படலத்தின் தடிமன் என்ன? விக்கர்ஸ் வைரமுனையை 1 கிலோகிராம் எடையுடன் இத்தகைய பரப்பில் அழுத்தினால் 6 முதல் 10 மைக்ரான் ஆழம் இறங்கும். படலமே 10 மைக்ரான் என்றால், அளந்தது படலத்தையா, அடியிலுள்ள உலோகத்தையா? இறங்கும் ஆழம் தடிமனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது ஆய்வுக்கூட வழக்கம். அதன்படி எடை 25 கிராம் அளவுக்குக் குறைய வேண்டும். நீங்கள் காணும் எண்ணோடு எடையும் தடிமனும் இல்லையேல் அதை நம்பாதீர்கள்.

கடினம் மிகுந்தால் உறுதியும் மிகும் என்று எழுதுவதும் சரியன்று. ஆக்சைடு உராய்வைத் தாங்கும். இழுவிசையில் விரிசல் காணும். பொறிகள் விட்டுச்சென்ற நுண்துளைகளில் விரிசல் எளிதில் தொடங்குவதால், மாறிமாறி வரும் சுமையில் உலோகத்தின் களைப்பு வலிமை குறையவும் கூடும். விமான உறுப்புக்கு இது கேடு. ஆனால் எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகில் அதே கரடுமுரடான, துளை நிறைந்த பரப்பை எலும்பு பற்றிக்கொண்டு வளர்கிறது.