வர்ணத்தின் கீழே உப்பு

அந்தமான் நிகோபார்த் தீவுகளின் மின்சாரத்தைக் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் டீசல் செலவையே பேசுகின்றனர். பெருநிலத்து மின்கட்டமைப்போடு இணைப்பில்லாத இடத்தில் அது நியாயமே. ஆயினும், அம்மின்சாரத்தை வீட்டுக்குரிய அழுத்தத்துக்கு இறக்கித் தரும் மின்மாற்றியைக் கடற்காற்று அரித்துவிட்டால், வேறொன்று கப்பலேறி வரவேண்டியிருப்பதால், அதனைக் காக்கும் முறையும் பரிசீலனைக்குரியதே.

பிரதான உபாயம் வர்ணப் பூச்சு: துத்தநாகம் செறிந்த எபாக்சி அடிப்பூச்சு, நடுவே மீண்டும் எபாக்சி, மேலே வெயில் தாங்கும் பாலியூரித்தேன். மின்மாற்றியின் எண்ணெய்த் தொட்டியைத் துருப்பிடிக்காத எஃகில் செய்வதைவிட இது விலை சகாயம். கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கிறது. பழுதானால் உள்ளூர் ஆட்களே மறுபடியும் பூசிவிடலாம்.

குறை தெரிவது தொட்டியின் விசாலமான பக்கங்களில் அன்று. எண்ணெயைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் தகடுகளின் இடுக்கிலும், பற்றவைத்த ஓரங்களிலும், போல்ட் தலைகளிலுமே. கூரிய விளிம்பில் பூச்சு தானே மெலிந்துவிடும். இடுக்கில் தூரிகை நுழையாது. எங்கே இரும்பு மிக மெல்லியதோ அங்கேதான் பூச்சும் மெல்லியது. எண்ணெய்க் கசிவும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

இதனினும் பெரும் பிழை, உப்பைக் கழுவாமல் பூசுவது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால் சாதாரண உப்பு நீரை ஈர்த்துக் கரையும். கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவுகளில் அவ்வளவு வறண்ட காற்று ஏது? பூச்சின் கீழ் அகப்பட்ட உப்பு ஈரத்தை உள்ளிழுத்துக் கொப்புளமாக்கி, மேலே பளபளப்புக் குன்றாதபோதே அடியில் இரும்பைத் தின்றுவிடுகிறது. பூச்சின் தடிப்பை அளக்கும் கருவியோ மைக்ரான் கணக்கைச் சொல்லுமேயன்றி உப்பைக் காட்டாது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வேலை முடிந்ததாகக் கையெழுத்தாகிறது!

கழுவ நன்னீர் வேண்டும். இங்கேதான் விசித்திரமான சங்கடம். மழை மாதங்களில் மின்கம்பி தொட்டியைச் சேருமிடத்தில் காப்பாக நிற்கும் பீங்கான் புஷ்ஷிங்கை வானமே கழுவிவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலோ, படிந்த உப்பு விடியற்காலைப் பனியில் நனைந்து மின்கசிவுக்கு வழிசெய்கிறது. பூச்சு வேலைக்கு உகந்த காலமும் அதுவே. தனிக்காரி அணையை நம்பியிருக்கும் போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரத்தில், குடிநீருக்கே முறை வைக்கும் காலமும் அதுவே.

ஆகவே, பூச்சை இன்னும் தடிப்பாக்கச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை, கூரை மழைநீரைத் தேக்கிவைத்துக் கழுவுவதற்கும், பூசுமுன் உப்பைச் சோதிப்பதற்கும், உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த ரேடியேட்டர்களை வாங்குவதற்கும் திருப்புவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். தோய்த்தெடுத்த துத்தநாகமும் கடலோரத்தில் ஆண்டுதோறும் சில மைக்ரான் கரையக்கூடியதாகையால், அதன்மேலும் வர்ணம் வேண்டியதே. புஷ்ஷிங்கின் செம்புத் தண்டோடு அலுமினியக் கம்பி நேராகச் சேருமிடத்தில் உப்பு நீர் பட்டு அலுமினியம் கரைவதை மட்டும் எந்த வர்ணமும் தடுக்காது. அதற்கு இரு உலோகக் கிளாம்பு தனியே வேண்டும்.