செங்கல் வேடமிட்ட ஓடு

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள லூயிஸ் நகரத்தில், சட்டப் பாதுகாப்புப் பெற்ற பழைய வீடுகள் சிலவற்றின் முகப்பு பார்வைக்குத்தான் செங்கல், உண்மையில் ஓடு. 18ஆம் நூற்றாண்டுக் கைவேலை. மரச்சட்டத்தின் மேல் ரீப்பர் அடித்து, ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு, இடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்து பூசியிருக்கிறார்கள். கண்ணை ஏமாற்றும் வேலைதானே என்று கேட்கலாம். ஆனால் செங்கல் சுவரின் கனம் பழைய மரச்சட்டத்துக்கு ஆகாது. ஓடுகளை அது சுமந்துகொள்ளும், மழையும் உள்ளே இறங்காது. இருக்கும் வீட்டை இடிக்காமலே புதுமுகம் கொடுத்த சிக்கனம் இது. கறுப்பு மெருகிட்ட ஓடுகளில் வெயில் பட்டால், ஒவ்வொன்றும் இம்மி சாய்ந்திருப்பதால், சுவரெங்கும் ஏற்ற இறக்கமாக மினுக்கம். ஓட்டின் விளிம்பு தெரிந்துவிடும் மூலையில் ஒரு மரப்பட்டி நிற்கும். அதையும் பிசகாமல் இழைத்துப் பொருத்திய கை, ஏமாற்ற நினைத்த கையல்ல. வீட்டின் மேல் அக்கறை கொண்ட கை.