சின்னக்கடை வீதியில் ஒரு செட்

நாமக்கல், ராசிபுரம் பக்கக் கல்லூரி விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சேலம்தான் பட்டணம். பலர் நேரே மாலுக்குப் போகிறார்கள். குளிர் நன்றாக இருக்கும், வேறென்ன! அதற்குப் பதில் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி சின்னக்கடை வீதிக்குள் நடந்து பாருங்கள். மாம்பழ சீசனில் மல்கோவாவும் இமாம்பசந்தும் வழியை மறிக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், லீ பஜார் மளிகை மண்டிகள்.

சாயங்காலமானால் தள்ளுவண்டிகளில் தட்டுவடை செட். சேலத்தின் சொந்தச் சரக்கு இது. உள்ளங்கையில் அடங்கும் தட்டுவடை. அதன் மேல் காரச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். மூட இன்னொரு தட்டுவடை. வண்டிக்காரர் கை சீட்டுப் போடுவதுபோல் ஓடும். "அண்ணா, காரம் கம்மியா" என்றால் சிரித்துக்கொண்டே கொஞ்சம்தான் குறைப்பார். அப்படியே முழுதாக வாயில் போட வேண்டும். கடித்துக் கடித்துத் தின்றால் பாதி சட்டையில்தான். முதலில் மொறுமொறுப்பு, பிறகு பீட்ரூட்டின் இனிப்பு, கடைசியில் காரம். அந்த வரிசைதான் ருசி. பூண்டு செட், மாங்காய் செட், எல்லாவற்றையும் உடைத்துக் கலக்கும் நொறுக்கல் என்று வகைகள் உண்டு. என் ஓட்டு நொறுக்கலுக்கு.

பார்சல் மட்டும் கேட்காதீர்கள். விடுதி போய்ச் சேர்வதற்குள் சட்னியில் ஊறித் தட்டுவடை நமுத்துவிடும்.