நடுகல்லும் பாட்டியின் மொழியும்: பாமாவின் ‘சங்கதி’யில் முன்னோரைப் போற்றும் முறை

முன்னுரை

இறந்தோரைப் போற்றுதல் தமிழர் மரபில் தொன்மையானது. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. கல்லில் வீரனின் பெயரும் பீடும் பொறிக்கப்பெற்றன. ஆனால் அவ்வாறு பெயர் பொறிக்கப்பெறும் உரிமை எல்லார்க்கும் வாய்த்ததில்லை. பிறர் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் மறைந்த பெண்களுக்கு நடுகல்லும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அத்தகையோரை அவர்தம் பேத்தியர் எழுத்தில் எவ்வாறு போற்றுகின்றனர் என்பதைப் பாமாவின் ‘சங்கதி’ (1994) என்னும் நூலைக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். போற்றுதல் அந்நூலின் பொருளில் மட்டுமன்றி, எடுத்துரைப்பிற்குத் தேர்ந்துகொண்ட மொழிவழக்கிலேயே நிகழ்கிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

கறுப்பினப் பெண்கள் எழுத்தில் ஓர் ஒப்புமை

இக்கருத்தை விளக்க அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் எழுத்து துணைசெய்யும். புதின ஆசிரியரும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளருமான சோரா நீல் ஹர்ஸ்டன் 1960இல் வறுமையில் இறந்தார். புளோரிடா மாநிலத்தின் போர்ட் பியர்ஸ் நகரில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் அடையாளக் கல் ஏதும் இல்லை. 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் அவ்விடத்தைத் தேடிச் சென்று கல் நாட்டச் செய்தார். தேடிக் காண்டலும் கல் நடுதலுமாகிய அச்செயல் நம் நடுகல் மரபை நினைவூட்டுவதாகும். எனினும் அக்கல்லில் உள்ள பிறப்பாண்டு 1901. ஹர்ஸ்டன் பிறந்ததோ 1891இல். அன்போடு நட்ட கல்லும் பிழைபடக்கூடும்.

வாக்கர் செய்த மற்றொரு சிறப்பு மொழி சார்ந்தது. ஹர்ஸ்டன் 1937இல் வெளியிட்ட புதினத்தில் மாந்தர் கறுப்பின மக்களின் பேச்சு வழக்கில் உரையாடுகின்றனர். ஆசிரியர் கூற்று பெரும்பாலும் பொது ஆங்கிலத்தை ஒட்டி அமைகிறது. வாக்கரின் ‘தி கலர் பர்ப்பிள்’ (1982) புதினத்திலோ செலீ என்னும் பெண் எழுதும் கடிதங்கள் வாயிலாக அவ்வழக்கே கதையை எடுத்துரைக்கும் மொழியாகிறது. உரையாடலின் எல்லைக்குள் நின்ற மூத்தோர் மொழி ஆசிரியரின் இருக்கையைப் பெறுகிறது எனலாம்.

‘சங்கதி’யின் மொழி

எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபட்டு நிற்கும் தமிழில், உரையாடல் பேச்சு வழக்கிலும் ஆசிரியர் கூற்று எழுத்து வழக்கிலும் அமைவது புனைகதையில் பெரும்பான்மை நெறி. இந்நெறியில் பேசுவோர் ஒரு படியிலும் எழுதுவோர் அதற்கு மேற்படியிலும் நிற்கின்றனர். 1958இல் பிறந்து, பயின்று, ஆசிரியப் பணி ஆற்றிய பாமாவிற்கு எழுத்து வழக்கு கைவராதது அன்று. அவ்வாறிருந்தும் ‘கருக்கு’ (1992) நூலிலேயே அவர் அம்மேற்படியை ஏற்கவில்லை. ‘சங்கதி’யிலும் பாட்டி பேசும் வழக்கும் பேத்தி எழுதும் வழக்கும் ஒன்றே.

வட்டார வழக்கில் கதை சொல்லுதல் பாமாவிற்கு முன்பே உண்டு என ஒரு மறுப்பு எழலாம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) புதினத்திலும் மங்கத்தாயாரு அம்மாள் என்னும் மூதாட்டியின் நினைவு வழியே முன்னோர் வரலாறு வெளிப்படுகிறது. ஆனால் அவ்வரலாறு, காடு திருத்தி ஊர் அமைத்த குடியின் வரலாறு. நிலமும் ஊருமே அதற்குச் சான்று. ‘சங்கதி’யின் வெள்ளையம்மா பாட்டிக்கு நிலம் இல்லை. இலங்கைக்குப் பிழைக்கச் சென்ற கணவர் திரும்பவில்லை. பாட்டி தனித்து உழைத்து மக்களை வளர்த்தார். ஊரில் பிள்ளைப்பேறு பார்த்தார். ஆயின் மேல்சாதியார் வீடுகளில் மட்டும் அவரை அழைப்பதில்லை. இவ்வாழ்விற்கு எஞ்சிய சான்று அவர்தம் பேச்சு ஒன்றே. அதனைத் திருத்தமான நடைக்கு மாற்றின் சான்றே அழிந்துவிடும்.

போற்றுதலும் மறுத்தலும்

பாமாவின் போற்றுதல் வெறும் புகழுரை அன்று. கொலையுண்டு பேயான எசக்கியின் கதை நூலில் சொல்லப்படுகிறது. கொலையுண்டோர் தெய்வமாதல் தென்மாவட்டங்களில் பரவலான நம்பிக்கை என்பது அறிந்ததே. கதைசொல்லி அக்கதையை முழுமையாகக் கேட்கிறார், நம்மிடம் சேர்க்கிறார், பின்னர்ப் பேய் பெண்களையே பிடிப்பது ஏன் என வினவுகிறார். ஓயாத உழைப்பும் அடக்குமுறையும் பெண்ணின் மனத்தை நலியச் செய்வதே காரணம் என்னும் முடிவிற்கு வருகிறார். முன்னோர் நம்பிக்கையை மறுக்கும் அவ்விடத்திலும் அவர் முன்னோர் வழக்கைக் கைவிடவில்லை. கதை சொல்லவும் வசை பாடவும் மட்டுமே ஏற்றதெனக் கருதப்பட்ட வழக்கு, காரண காரிய ஆராய்ச்சிக்கும் ஏற்றதென இதனால் நிறுவப்படுகிறது. நூலின் தலையாய வெற்றி இதுவே.

குறை ஒன்றும் சுட்டத்தக்கது. சில இடங்களில் நிகழ்ச்சியே உணர்த்திவிட்டதைக் கதைசொல்லி மீண்டும் விளக்கியுரைக்கிறார். அங்கெல்லாம் பாட்டியின் குரல் தணிந்து அறிவுரையின் குரல் மேலோங்குகிறது. பாட்டியை முழுதும் நம்பியிருப்பின் அவ்விளக்கம் தேவைப்பட்டிராது.

மொழியியலார்க்கு ஒரு வினா

இந்நூல் மொழியியலாராகிய நம்மையும் வினவுகிறது. கிளைமொழி ஆய்வுகளில் இத்தகைய மூதாட்டியர் பலரின் பேச்சை நாம் பதிவு செய்துள்ளோம். அப்பதிவுகளில் அவர்கள் ‘தகவலாளர், பெண், எழுத்தறிவில்லாதவர்’ என்ற குறிப்பாக மட்டுமே எஞ்சினர். ஒலியனும் உருபனும் நமக்குக் கிடைத்தன, சொன்னவர் மறைந்தார். பாமா அதே பேச்சைச் சொன்னவரோடு சேர்த்துப் பதிவு செய்கிறார்.

சொற்களுக்கும் முன்னோர் உண்டு. பெங்களூரில் வளர்ந்த கன்னடக் கவிஞர் சித்தலிங்கையா தம் தன்வரலாற்றுக்கு ‘ஊரு கேரி’ எனப் பெயரிட்டார். கன்னடக் ‘கேரி’யும் தமிழ்ச் ‘சேரி’யும் ஒரே மூலத்தின் வழிவந்தவை, கன்னடக் ‘கிவி’ தமிழில் ‘செவி’ ஆனது போன்ற ஒலிமாற்றமே இரண்டிற்கும் இடையே உள்ளது. சங்க இலக்கியத்தில் மக்கள் சேர்ந்துறையும் இடம் என்ற பொதுப்பொருளில் வழங்கிய சேரி, பின்னர் ஒதுக்கப்பட்டோர் உறைவிடம் எனச் சுருங்கியது. கொடிவழி எழுதி வைக்க இயலாதோரின் வரலாறு இத்தகைய சொற்களில் தங்கியுள்ளது.

முடிவுரை

‘சங்கதி’ 2005இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளிவந்து உலக வாசகரை அடைந்தது. தமிழின் இருவகை வழக்குக்கும் இடையிலான தொலைவை ஆங்கிலத்தில் அவ்வாறே காட்டுதல் அரிது. எனவே அத்தொலைவைக் கடந்த பாமாவின் செயலைத் தமிழில் படிப்போரே முழுதும் உணர இயலும். இந்நூலைப் பாடமாக்குவோரும் தொகுப்புகளில் சேர்ப்போரும் வட்டாரச் சொற்களுக்குச் சொல்லடைவு தரலாம். வழக்கைத் திருத்துதல் ஆகாது. நடுகல்லின் எழுத்தைச் செதுக்கி அழகுபடுத்த எவரும் முற்படார். வெள்ளையம்மா பாட்டியின் பேச்சிற்கும் அம்மதிப்பு உரியது.