சரிந்து நிற்கும் தடித்த எழுத்து

ஹட்டன் பஸ் நிலையத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோர்வூட் என்று வரிசை கட்டி நிற்கும் தனியார் பஸ்களின் விலாவைப் பாருங்கள். தடிப்பாக, ஓரத்தில் செரிப் குஞ்சம் எதுவும் இல்லாமல், வலப்பக்கம் சரிந்த எழுத்து. அச்சகத்தில் இதை 'போல்ட் இட்டாலிக்' என்பார்கள். பஸ் நின்றுகொண்டிருந்தாலும் எழுத்து புறப்பட்டுவிட்டது போலிருக்கும்.

சாய்வெழுத்தின் பூர்வீகம் வெனிஸ். 1501இல் அச்சகர் அல்டஸ் மனூஷியஸ், பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய அச்சில், முதன்முதலாக ஒரு முழுப் புத்தகத்தையே சாய்வெழுத்தில் வெளியிட்டார். வேகமான கையெழுத்தின் சாயல் அது. செரிப் இல்லாத அச்செழுத்து லண்டனில் காஸ்லன் பட்டறையிலிருந்து 1816இல் வந்தது. அந்த வகையைச் சேர்ந்த ஹெல்வெட்டிகா எழுத்துருவில் சாய்வு ஏறக்குறைய 12 பாகை. நிமிர்ந்த எழுத்தைச் சரித்துவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. வட்டத்தை அப்படியே சரித்தால் மேல் வலப்பக்கமும் கீழ் இடப்பக்கமும் தடித்துப்போகும், மற்ற இரண்டு மூலைகளும் மெலியும். தடித்த எழுத்தில் இந்தக் கோணல் இன்னும் அப்பட்டம். நல்ல வடிவமைப்பாளர் ஒவ்வொரு வளைவையும் கையால் திருத்துவார்.

தமிழில்தான் சோதனை கடுமை. சாய்வைக் காட்டுவது நேர்கோடு. நம் எழுத்திலோ வளைவுதான் அதிகம். 'ஹட்டன்' என்ற பெயருக்கு அதிர்ஷ்டம் உண்டு. நடுவில் இரண்டு 'ட' பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே கோணத்தில் சரிந்த இரண்டு கம்பங்களாகக் கண்ணைப் பிடிக்கின்றன. 'தலவாக்கலை'க்கு அது இல்லை. அங்கே 'வா'வின் காலும் 'க'வின் நடுக்கோடும்தான் சாய்வைத் தாங்க வேண்டும். 'கண்டி' எழுதுபவர் பாடு வேறு: மூன்று சுழி 'ண'வைத் தடிப்பாக்கினால் சுழிகள் அடைந்து மைத்திட்டாகிவிடும். தேர்ந்த பெயின்டர் சுழியின் உள்கோட்டை மட்டும் மெலிதாக்கி, வெளிச்சம் விடுவார். தூரிகை பிடித்த கைக்கு அது தெரியும். கணினியின் சாய்வுப் பொத்தானுக்குத் தெரியாது. புள்ளிகூட அதில் முட்டை வடிவமாகிவிடும்.

எல்லா இடத்துக்கும் இந்தச் சரிந்த தடித்த எழுத்து பொருந்தாது. கொட்டகலை, நானுஓயா ரயில் நிலையப் பலகைகளில் மூன்று மொழியும் நிமிர்ந்தே நிற்பதுதான் சரி. அங்கே நகர்வது வாசிப்பவர், பலகை அசையக்கூடாது. தோட்ட அலுவலகத்தின் பேர்ப்பலகை, சம்பளத் தேதி அறிவித்தல் இவற்றிலும் சாய்வு வேண்டாம். கிரிக்கெட் சுற்றுப்போட்டி பதாகை, இசைக்குழுவின் பெயர், தீபாவளித் தள்ளுபடி ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து கிடையாது. பந்திக்கணக்கில் ஓடும் எழுத்துக்கு மட்டும் கூடவே கூடாது. நான்கு வரிக்குள் கண் களைத்துவிடும்.

இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' எழுத்துரு, சாய்வைத் தமிழுக்கு உரியதாகவே வரையலாம் என்று காட்டிவிட்டது. ஆனால் அது கையெழுத்துப் பாணி, ஒரே தடிப்பு. பஸ் விலாவுக்குப் பொருந்தும் கனத்தில், செரிப் இல்லாத சாய்வெழுத்து வேண்டும். அது கைக்கு வரும்வரை ஹட்டன், நுவரெலியா அச்சகத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: பொத்தானை அமுக்கித் தமிழைச் சரிக்காதீர்கள். பெயின்டரைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் நிமிர்ந்த தடித்த எழுத்தையே போடுங்கள்.